புதிய அடுக்ககம்: வெப்பம் தாங்கும் கட்டமைப்புக்காக நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

மேடவாக்கம்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டி, கட்டுமானம் முடியும் தறுவாயில் உள்ள இரண்டு அடுக்ககங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டும் இரண்டு படுக்கையறை வீடுகள். பரப்பளவும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் கட்டடம் வழக்கமான செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்டது. இரண்டாவது கட்டடத்தை "மின் சிக்கன வீடு" என்று விற்கிறார்கள். அதில் சுவர்கள் ஏ.ஏ.சி. எனப்படும், நுண்துளைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கற்களால் ஆனவை, மொட்டை மாடியில் வெப்பத்தடுப்புப் பலகை பதித்திருப்பதாகச் சொல்கிறார்கள், பொதுப் பயன்பாட்டுக்கு 5 கிலோவாட் சூரியத் தகடு இருக்கிறது, வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்குகளும் பொருத்தித் தருகிறார்கள். விலை முதல் வீட்டைவிட நான்கு லட்சம் ரூபாய் அதிகம். எங்களுக்குக் காட்டிய வீடு ஐந்தாவது மாடியில், அதாவது மேல்தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

இப்போது நாங்கள் வாடகைக்கு இருப்பதும் மேல் மாடி வீடுதான். ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிக்குக்கூட மேற்கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. எழுபது வயதைக் கடந்த என் தாயார் குளிர்சாதனக் காற்று ஒத்துக்கொள்ளாமல் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். பாதி இரவு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கோடையில் இரண்டு மாத மின் பயன்பாடு 900 யூனிட்டைத் தொடுகிறது. மற்ற மாதங்களில் 550 யூனிட் அளவில் இருக்கிறது. நான்கு லட்சத்தைக் கூடுதலாகக் கொடுப்பது சரியான முடிவாக இருக்குமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுகிறேன். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் சற்று உயர்ந்தது. ஆனாலும் படிநிலைகளின் அமைப்பு அப்போது மாறவில்லை. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விலை போய், 101ஆவது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 50 காசு. இதனால் 490 யூனிட் பயன்படுத்துபவர் 1,665 ரூபாய் கட்ட, 510 யூனிட் பயன்படுத்துபவர் 2,030 ரூபாய் கட்ட நேர்கிறது. வெறும் இருபது யூனிட்டுக்கு 365 ரூபாய்.

உங்கள் 900 யூனிட்டுக்கு இந்தக் கணக்கில் 5,550 ரூபாய் வரும். நல்ல கட்டமைப்பால் அது 600 யூனிட்டாகக் குறைந்தால் 2,750 ரூபாய்தான். யூனிட் அளவு மூன்றில் ஒரு பங்கு குறையும்போது தொகை பாதியாகிவிடுகிறது. ஏனென்றால் நாம் மிச்சப்படுத்தும் யூனிட்டுகள் எல்லாம் எட்டு, ஒன்பது, பத்து ரூபாய்ப் படியில் இருப்பவை. ஆண்டில் மூன்று கோடைப் பட்டியல்களில் இப்படி 8,400 ரூபாயும், மற்ற மூன்றில் 550 யூனிட் 450 ஆகக் குறைவதால் 2,775 ரூபாயும் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் கையில் நிற்கும்.

இனி மறுபக்கம். நான்கு லட்சத்தை 8.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 3,470 ரூபாய், ஆண்டுக்கு 41,600 ரூபாய்க்கு மேல். மின் கட்டணச் சேமிப்பு மட்டும் அந்தத் தவணையில் கால் பங்கைத்தான் அடைக்கும். ஆகவே "கரண்ட் பில்லிலேயே போட்ட பணம் திரும்பிவிடும்" என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வீட்டை வாங்குவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பொறியியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தாம்பரம் பொறியாளர்

ஐயாவின் கணக்கை நான் முழுமையாக ஏற்கிறேன்; அதோடு ஒரு கேள்வியையும் சேர்க்க விரும்புகிறேன். அந்த நான்கு லட்சம் எதற்காக என்று கட்டுநரிடம் கேட்டீர்களா? ஏ.ஏ.சி. கல்லைப் பயன்படுத்தினால் கட்டுநருக்குப் பெரிய கூடுதல் செலவு எதுவும் இல்லை. அது எடை குறைந்தது, அளவில் பெரியது, கலவை குறைவாகப் பிடிக்கிறது, வேலையும் விரைவாக முடிகிறது. பல கட்டுநர்கள் செலவைக் குறைப்பதற்காகவே அதற்கு மாறினார்கள். எல்.இ.டி. விளக்கை நீங்களே கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆக, அந்தப் பட்டியலில் உண்மையிலேயே மதிப்புள்ளவை மேல்தளத்தின் வெப்பத்தடுப்பும் சுவரின் தன்மையும் சன்னல்களின் அமைப்பும்தான்.

வீடு வாங்குவோர் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். மின்விசிறி, குளிர்சாதனம், விளக்கு, ஏன் சூரியத் தகடுகூடப் பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை. சுவர் எந்தக் கல்லால் ஆனது, சன்னல் எந்தத் திசையில் எவ்வளவு திறக்கும், கான்கிரீட் தளத்துக்கு மேலே என்ன பதித்திருக்கிறது என்பவை சாவி கைக்கு வந்த பிறகு மாற்ற முடியாதவை, அல்லது பெருஞ்செலவில் மட்டுமே மாற்ற முடிபவை. பணத்தையும் பேரத்தையும் அவற்றின் மீது செலுத்துங்கள்.

எதையும் பதிக்காத கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு மே மாதப் பிற்பகலில் 60 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடியது. கான்கிரீட் அந்த வெப்பத்தைப் பகல் முழுவதும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சூரியன் மறைந்த பிறகு மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. உங்கள் தாயார் பத்து மணிக்கு உணரும் அனல், நண்பகலில் தளத்துக்குள் போன வெயில்தான். நடுவண் அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, மேற்கூரையின் வெப்பக் கடத்துமதிப்பு, அதாவது அதன் வழியே வெப்பம் உள்ளே இறங்கும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது 3க்கும் மேலே நிற்கும். தளத்தின் மீது 25 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். என்னும் வெப்பத்தடுப்பு நுரைப் பலகை இட்டு, அதன் மேல் ஓடு பதித்தாலே அந்த வரம்புக்குள் வந்துவிடலாம்.

அதே தொகுப்பு, கூரை நீங்கலாகச் சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கும் சதுர மீட்டருக்கு 15 வாட் என ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களும் உங்கள் கட்டடத்துக்கு எவ்வளவு என்று கட்டுநரிடம் எழுத்தில் கேளுங்கள். கணக்கிட்டுக் கட்டியவரிடம் விடை கையிலேயே இருக்கும்.

வைகைக்கரை

நான் மதுரையில் ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற விளம்பரத்தைப் பார்த்து மேல் மாடி வீடு வாங்கியவள். எங்கள் கட்டுநரும் வெப்பத்தடுப்புக் கூரை என்றுதான் சொன்னார். முதல் கோடையில் வீடு கொதித்தது. மேலே ஏறிப் பார்த்தால் சாதாரண ஓட்டின் மேல் வெள்ளை வண்ணம் பூசியிருந்தது, அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் "வெப்பத்தடுப்பு ஏற்பாடு" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்ததால் எங்களால் வாதாட முடியவில்லை. வெள்ளை வண்ணம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. முதல் ஆண்டில் நல்ல வேறுபாடு தெரிந்தது. ஆனால் தூசியும் பாசியும் படிந்து மூன்றாவது ஆண்டில் அது சாம்பல் நிறமாகிவிட்டது. மறுபடி பூசுவதற்குச் சங்கத்தில் ஒவ்வொரு வீட்டாரையும் இசைய வைக்க வேண்டியிருந்தது. கீழ்த்தள வீட்டாருக்கு மொட்டை மாடியின் சூடு ஒரு பொருட்டே இல்லை. இதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

மேற்குச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனை சாத்திரப்படி எங்கள் பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் அமைந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. நாங்களும் அதைக் கேட்டுத்தான் வாங்கினோம். ஆனால் பிற்பகல் வெயில் முழுவதும் விழும் மூலையும் அதுவே. மாலை ஆறு மணிக்கு அந்த அறையின் சுவரில் கை வைத்தால் அடுப்படித் திட்டில் வைத்தது போல இருக்கும். தெற்குச் சன்னலுக்குச் சன்ஷேட் போதும். சூரியன் உச்சியில் இருக்கும்போது அது நிழல் தந்துவிடும். மேற்கு வெயிலோ சாய்ந்து நேராக உள்ளே நுழைவதால் சன்ஷேட்டால் அதைத் தடுக்க இயலாது. உள்ளே எவ்வளவு தடித்த திரைச்சீலை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் அறைக்குள்தான் தங்கும். கடைசியில் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். உள்ளே மேற்குச் சுவர் முழுவதையும் அடைத்து அலமாரி செய்தோம். இந்த இரண்டுக்கும் பிறகுதான் குளிர்சாதனத்தை 27இல் வைத்து உறங்க முடிந்தது. அதற்கு முன் 22.

ஆகவே நீங்கள் பார்க்கும் வீட்டை ஒருமுறை மாலை நான்கரை மணிக்குப் போய்ப் பாருங்கள். விற்பனையாளர்கள் காலை பத்து மணிக்குத்தான் அழைப்பார்கள்.

தாம்பரம் பொறியாளர்

அம்மா சொன்ன மாலை நேரச் சோதனையைவிடச் சிறந்த சோதனை எனக்கும் தெரியாது. ஏ.ஏ.சி. கல்லின் நன்மை அந்த மேற்குச் சுவரில்தான் தெளிவாகத் தெரியும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெப்பக் கடத்துமதிப்பு ஏறத்தாழ 2 என்றால், எட்டு அங்குல ஏ.ஏ.சி. சுவருக்கு 1க்கும் கீழே வரும். ஆனால் அந்தக் கல்லுக்குச் சில கவனங்கள் தேவை. கான்கிரீட் தூணும் கல் சுவரும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால் விரிசல் விடும். கனமான அலமாரியையோ கீசரையோ மாட்ட அதற்குரிய ஆணிகள்தான் நிற்கும். மழைநீர் உள்ளே இறங்கினால் வெப்பத்தைத் தடுக்கும் குணமும் குறைந்துவிடும். எனவே வெளிப்பூச்சில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

திண்டிவனம் மண்வீடு

சென்னை ஈரப்புழுக்கம் மிகுந்த ஊர் என்பதை மறந்துவிட்டு, எல்லாரும் சுவரைப் பற்றியே பேசுகிறோம் என்று தோன்றுகிறது. மே மாத இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில், உடலுக்கு ஆறுதல் தருவது காற்றோட்டம். நம் முன்னோர் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், மேற்கிலிருந்து வருவதைக் கோடை, வடக்கிலிருந்து வருவதை வாடை என்று பெயரிட்டு அழைத்ததற்குக் காரணம், வீட்டில் எந்தச் சன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அவர்களுக்கு அன்றாட அறிவாக இருந்ததுதான். சென்னையில் பிற்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வருகிறது. கிழக்கிலோ தென்கிழக்கிலோ திறப்பு உள்ள வீடும், அந்தக் காற்று வெளியேற எதிர்ப்புறத்தில் இன்னொரு திறப்பு உள்ள வீடும்தான் நான் தேடும் மின் சிக்கன வீடு.

பொறியாளர் சுட்டிய அதே தொகுப்பு, ஈரப்புழுக்கமான தட்பவெப்பத்துக்கு, திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டின் உட்பரப்பு 750 சதுர அடி என்றால், பால்கனிக் கதவையும் சேர்த்து 125 சதுர அடி திறக்க வேண்டும். இப்போது எல்லாக் கட்டுநர்களும் பொருத்தும் இரண்டு தடத் தள்ளு சன்னலில் பாதிதான் திறக்கும். நாலுக்கு நாலு அடிச் சன்னல் என்று பெயர். காற்றுக்குக் கிடைப்பது எட்டு சதுர அடி. அதே இடத்தில் கதவு போலத் திறக்கும் சன்னலை வைத்தால் ஏறக்குறைய முழுப் பரப்பும் கிடைக்கும்.

என் சொந்த வீட்டை ஆரோவில் பகுதியில் பயிற்சி பெற்ற கொத்தனார்களைக் கொண்டு, சூளையில் சுடாத அழுத்திய மண் கற்களால் கட்டினேன். அடுக்ககத்தில் அது பெரும்பாலும் கைகூடாது என்பதால் அதை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை.

கணக்குப்பிள்ளை

சூரியத் தகட்டைப் பற்றி ஒரு சொல். 5 கிலோவாட் தகடு நம் ஊரில் நாளுக்கு ஏறத்தாழ 20 யூனிட் தரும். மாதம் 600 யூனிட். மின் தூக்கி, தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகிய பொதுப் பயன்பாட்டுக்கு 2022இல் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்ற தனிக் கட்டணம் வந்தது. பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, மின் தூக்கி இல்லாத சிறிய அடுக்ககங்களுக்கு மட்டும் 2023இல் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். உங்கள் ஐந்து மாடிக் கட்டடம் அந்தச் சலுகைக்குள் வராது. ஆகவே தகடு மாதம் 4,800 ரூபாய் அளவுக்கு மிச்சம் தரும். நாற்பது வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 120 ரூபாய். அந்தப் பணமும் பணம்தான். ஆனால் அதற்காக ஒரு வீடு லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது பொருந்தாது.

தனி வீடு கட்டுவோருக்கு நிலைமை வேறு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அடுக்ககச் சங்கங்களுக்கு அதே திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். பின்னாளில் தகட்டைச் சங்கமே கூட்டிக்கொள்ளலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் மொட்டை மாடி அனைவருக்கும் பொதுவானது. மற்றவர்களின் இசைவில்லாமல் மேல் மாடிக்காரர் தம் வீட்டுக்கென்று தகடு வைக்க முடியாது.

வைகைக்கரை

மின்விசிறியையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தந்தது அதுதான். பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் மின் சிக்கன மோட்டார் கொண்ட விசிறி அதே காற்றுக்கு 30 வாட் அளவில் போதும் என்கிறது. நான்கு விசிறிகள் நாளுக்குப் பதினாறு மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 170 யூனிட்டுக்கு மேல் குறைகிறது. மின் தடை வரும்போது இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு மடங்கு நேரத்துக்கு மேல் தாங்குகிறது. என் மாமியார் கடைசி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். ஒரு கோடை இரவில் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது அவர் வியர்க்காமல் உறங்கியதை நான் மறக்க மாட்டேன். குளிர்சாதனம் ஓடாத நேரத்திலும் வீடு வாழத்தக்கதாக இருக்க வேண்டும், சகோதரரே. உங்கள் தாயாருக்குத் தேவைப்படுவதும் அதுவே என்று நினைக்கிறேன்.

தாம்பரம் பொறியாளர்

சான்றிதழ் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் தருகிறது. கட்டடம் எழும்புவதற்கு முன் வரைபடத்தை வைத்து வழங்கும் முன்சான்றிதழும் உண்டு. விளம்பரத்தில் பெரும்பாலும் அதைத்தான் காட்டுவார்கள். இறுதிச் சான்றிதழ் வந்ததா என்று கேளுங்கள். அந்தப் புள்ளிகளில் தண்ணீர், குப்பை மேலாண்மை, கட்டுமானப் பொருள் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்பதால், தரம் உயர்ந்த கட்டடத்தில் உங்கள் மேற்குப் படுக்கையறை குளிர்ச்சியாக இருந்தே தீரும் என்று கொள்ள முடியாது.

இன்னொன்று. உறுதிகளை எல்லாம் விற்பனை ஒப்பந்தத்தின் பொருள்விவரப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்: பலகையின் வகை, தடிமன், கல்லின் அளவு, சன்னலின் வகை. மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் எது குறை என்று நிறுவ, எழுத்தில் ஓர் அளவு இருந்தாக வேண்டும். மதுரை அம்மாவுக்கு நேர்ந்தது அந்த அளவு இல்லாததால்தான்.

மேடவாக்கம்வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை நான்கரை மணிக்கு இரண்டு கட்டடங்களுக்கும் தாயாரையும் அழைத்துக்கொண்டு போனேன். முதல் கட்டடத்தின் மேற்கு அறைக்குள் நுழைந்ததுமே அவர் திரும்பி வெளியே வந்துவிட்டார். இரண்டாவது கட்டடத்தில் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. மேல்தளத்தில் பலகை பதிக்கும் வேலை பாதி முடிந்திருந்ததால் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது; தடிமன் 50 மில்லிமீட்டர் என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருந்தது. நான்கு லட்சத்துக்கான கணக்கைப் பிரித்துத் தருமாறு கேட்டதற்கு மட்டும் நேரான பதில் கிடைக்கவில்லை.

பேச்சுவாக்கில், அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வடகிழக்கு பார்த்த வீடு ஒன்று இன்னும் விற்காமல் இருப்பது தெரியவந்தது. மாடி உயர உயரச் சதுர அடி விலையைக் கூட்டியிருக்கிறார்கள். ஆகையால் இந்த வீடு ஐந்தாவது மாடி வீட்டைவிட இரண்டேகால் லட்சம் குறைவு. மேற்கே வெளிச்சுவரே இல்லை. அந்தப் பக்கம் நடைபாதையும் மின் தூக்கியும் இருக்கின்றன. தலைக்கு மேலே வெயில் விழாத இன்னொரு வீடு. நான் கேட்ட நான்கு லட்சக் கேள்வி இப்போது ஒன்றேமுக்கால் லட்சக் கேள்வியாகிவிட்டது. கடற்காற்றுக்குக் கிழக்குப் பால்கனி இருக்கிறது. குறை என்று பார்த்தால் எல்லாம் தள்ளு சன்னல்கள். சட்டங்கள் இன்னும் பொருத்தப்படவில்லை என்பதால், இரண்டு படுக்கையறைகளுக்கும் திறக்கும் சன்னல் வைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். விலை வேறுபாட்டைச் சொல்வதாகச் சொன்னார்கள்.

தாம்பரம் பொறியாளர்

நடு மாடி என்றால் கூரைக் கவலை உங்களுக்கு இல்லை. அந்தப் பலகையின் பயன் மேல் மாடிக்காரருக்கே. எனவே பேரத்தில் கூரையை விட்டுவிட்டுச் சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். திறக்கும் சன்னலுக்குக் கம்பியும் கொசுவலையும் உட்புறமாக வர வேண்டும். அதைச் சட்டம் அளவெடுக்கும் முன்பே சொல்லாவிட்டால் பிறகு பொருந்தாது.

வைகைக்கரை

கூடவே, நடைபாதைப் பக்கத்துச் சுவரில் உயரே ஒரு சிறு காற்றுத் திறப்பு விடச் சொல்லுங்கள். கிழக்கில் வரும் காற்று வெளியேற அங்கே வழியில்லை என்றால் பால்கனிக் கதவைத் திறந்து வைத்தும் புழுக்கம் குறையாது. தாயாருக்குக் கிழக்கு அறையைக் கொடுத்துவிடுங்கள்.

மேடவாக்கம்வாசி

கொடுத்தாயிற்று, அம்மா. கட்டில் எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதைக்கூட அவரே நேற்று அங்கு நின்று முடிவு செய்துவிட்டார். காற்றுத் திறப்பையும் கொசுவலையையும் கோரிக்கைக் கடிதத்தில் சேர்த்து இன்று காலை கொடுத்திருக்கிறேன்; பதில் எழுத்தில் வந்த பிறகே முன்பணம் கட்டுவேன்.